குளத்தங்கரைச் சைட்டில் செப்டிக் டேங்க்: மண்ணுக்கு அடியில் நடப்பது என்ன?

ஆயிரம் அடி போர் ஓட்டியும் புகைதான் வந்தது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதனால் நிலத்தடி நீர் மிக மேலே நிற்பதும் வீடு கட்டுவோருக்கு ஒரு சிக்கல்தான் என்று கொங்கு நாட்டில் சொன்னால் நம்புவோர் குறைவு. ஆனால் நொய்யல் குளங்களின் கரையோரத்திலும், கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழ்ப்புறமுள்ள வயல்களிலும், பள்ளங்களை ஒட்டிய தாழ்வான நிலங்களிலும் இப்போது சைட் பிரித்து விற்கிறார்கள். அங்கே இடம் வாங்குகிறவர், போரில் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்னால், கழிவறைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டாக வேண்டும். இந்த இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் பெரும்பகுதி பழமையான கெட்டிப் பாறையின்மேல் அமைந்திருக்கிறது. மேலே செம்மண்ணோ கரிசலோ சில அடி. அதன்கீழ் சுக்கான்கல்லும் சரளையும் கலந்த, பாறை சிதைந்து உருவான அடுக்கு. அதற்கும் கீழே கெட்டிப் பாறை. சிதைந்த அடுக்கில் தேங்கி நிற்பது மேல் ஊற்று. நம் தோட்டங்களின் அகலமான கிணறுகள் நம்பியிருந்தது இதைத்தான். கெட்டிப் பாறையின் வெடிப்புகளில் ஓடுவது ஆழத்து நீர். போர் தேடிப் போவது இதை. ஆழத்து நீர் வற்றிக் கிடக்கும் ஊரிலேயே மேல் ஊற்று மூன்றடியில் நிற்கக்கூடும், ஏனென்றால் குளமும் வாய்க்காலும் நிரப்புவது மேல் ஊற்றையே. ‘இந்தப் பக்கம் தண்ணியே கெடையாதுங்க’ என்று சொல்கிற தரகர் பொய் சொல்வதாகக் கொள்ள வேண்டியதில்லை. அவர் பேசுவது போர்த் தண்ணீரைப் பற்றி.

இனி செப்டிக் டேங்க். பலர் இதைச் சுத்திகரிப்பு நிலையமாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு தெளியவைக்கும் தொட்டி. கனமான மலம் அடியில் கசடாகப் படிகிறது, எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கிறது, காற்றில்லா நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் கசடின் ஒரு பகுதியைச் செரிக்கின்றன, நடுவில் உள்ள நீர் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறுகிறது. செப்டிக் டேங்க் அமைப்பதற்கான இந்தியத் தரநிலை 2470, ஐந்து பேர் உள்ள வீட்டுக்குச் சொல்லும் அளவு, ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், நீர் நிற்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதுவும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்தால். வெளியேறும் நீர் கண்ணுக்கு ஓரளவு தெளிந்திருந்தாலும், நோய்க்கிருமிகளும் அம்மோனியாவும் அதில் பெருமளவு மிஞ்சியே இருக்கும். அந்த நீரைச் சுத்தம் செய்வது தொட்டி அன்று, அதற்கு அடுத்து வரும் உறிஞ்சு குழியின் அடியிலுள்ள மண்.

அந்த மண்ணிலும் எல்லா மண்ணும் வேலை செய்யாது. மண் துகள்களுக்கிடையே காற்று புகும் அளவுக்கு உலர்ந்த அடுக்கு வேண்டும். கழிவுநீர் அதன் வழியே மெல்லிய படலமாகத் துகளைப் பற்றிக்கொண்டு இறங்குகையில், கிருமிகள் துகள்களில் ஒட்டி மடிகின்றன. காற்றை உண்டு வாழும் மண் நுண்ணுயிர்கள் மீதி அழுக்கைத் தின்றுவிடுகின்றன. அடுக்கு தடிமனாக இருக்க இருக்க நீர் தங்கும் நேரமும் கூடும், சுத்தமும் கூடும். மேல் ஊற்று உயர்ந்து குழியின் அடியைத் தொட்டுவிட்டால் அந்த உலர்ந்த அடுக்கே இல்லாமல் போகிறது. கழிவுநீர் நேரே ஊற்றில் கலந்து, ஊற்று நகரும் திசையில் தானும் நகர்கிறது. அதனால்தான் மேற்சொன்ன தரநிலை, நீர்மட்டம் தரையிலிருந்து 180 சென்டிமீட்டருக்குள், அதாவது சுமார் ஆறடிக்குள் வரும் இடங்களைத் தனியே பிரித்து, அங்கே ஆழக் குழியைத் தவிர்த்து, தரைக்கு மேலே எழுப்பிய மேட்டில் கழிவுநீரைப் பரப்பும் முறையைச் சொல்கிறது.

ஆறடி என்றால் எந்த மாதத்து ஆறடி? சித்திரையில் இடம் பார்க்கப் போகிறவர் காய்ந்து வெடித்த மண்ணைப் பார்த்து நிம்மதியடைகிறார். ஆனால் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஏறி இறங்குவது. நமக்கு வேண்டியது அது மிக உயர்ந்து நிற்கும் நாளின் அளவு. அந்த நாள் எல்லா ஊருக்கும் ஒன்றில்லை. பேரூர், குறிச்சி, உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் என்று நொய்யலைத் தொடர்ந்து வரும் குளங்களுக்கு மேற்கு மலையில் பெய்யும் ஆனி, ஆடி மழையிலேயே நீர் வரத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இன்னொரு முறை நிரப்பும். கீழ்பவானிப் பாசனத்தின் கணக்கே வேறு. பவானிசாகரில் தொடங்கும் அந்த வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்கு நீர் தருகிறது. வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் முதல் போகத்துக்குத் திறக்கிறார்கள். மண் வாய்க்காலின் கசிவும் நெல் வயலின் ஊறலும் சேர்ந்து, மழை ஒரு துளி விழாவிட்டாலும் கிணறுகளை உயர்த்திவிடும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டாம் என்று விவசாயிகளில் ஒரு சாரார் போராடியதற்குக் காரணமே இந்தக் கசிவுநீர்தான். தென்னைக்கு அது உயிர், உறிஞ்சு குழிக்கு அதுவே வினை.

எங்கள் உறவினர் ஒருவர் அந்த வாய்க்காலுக்குக் கீழே, முன்பு நெல் விளைந்த நிலத்தில் வீடு கட்டினார். மாசியில் குழி வெட்டியபோது எட்டடியிலும் மண் பொடிபொடியாக வந்தது. மேஸ்திரி ஐந்து சிமெண்ட் உறைகளை இறக்கி, அடியில் தளம் போடாமல், அதையே செப்டிக் டேங்க் என்று சொல்லி மூடினார். புரட்டாசி வந்ததும் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் ‘குளுக் குளுக்’கென்று சத்தம் எழுப்பி அப்படியே நின்றது. அடைப்பு என்று எண்ணி லாரியை வரவழைத்து உறிஞ்சினார்கள். மறுநாள் காலையில் மூடியைத் திறந்து பார்த்தபோது, வீட்டில் ஒருவரும் அதிகம் புழங்காமலேயே குழி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. உள்ளே ஊறியிருந்தது வயல் தண்ணீர். குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. வெளியே போக வேண்டிய நீருக்கு வெளியில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நிலத்தில் மாசியிலேயே இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்றால், முடியும். மண் தன் ஈர வரலாற்றை நிறத்தில் எழுதி வைத்திருக்கிறது. சைட்டின் தாழ்ந்த மூலையில் ஆறேழு அடிக்கு ஒரு குழி வெட்டச் சொல்லி, ஓரச் சுவரைக் கரண்டியால் சீவிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் காற்றோட்டமாக இருக்கும் மண், அதிலுள்ள இரும்பு துருவேறி, சீரான செம்மை அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். மாதக்கணக்கில் நீரில் மூழ்கும் மண்ணில் அந்த இரும்பு கரைந்து நகர்ந்துவிடுவதால் சாம்பல் நிறம் படரும். நீர் ஏறி இறங்கும் எல்லையில் சாம்பலுக்கிடையே துருப்புள்ளிகளும், பழைய வேர்த் துளைகளைச் சுற்றித் துரு வளையங்களும் தெரியும். அந்தப் புள்ளிகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றனவோ, ஏறத்தாழ அந்த ஆழம்வரை மேல் ஊற்று ஏறும் என்று கொள்ளலாம். கரிசலில் இந்த அடையாளம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அங்கே அக்கம்பக்கத்துக் கிணறுகளைத்தான் நம்ப வேண்டும். கிணற்றுச் சுவரில் பாசி படிந்த கோடு பொய் சொல்லாது. நிலத்தில் கோரையும் வேலியோரம் சம்புப் புல்லும் முளைத்திருந்தால், பக்கத்து வீட்டுச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரிலோ காட்டுப் பெயரிலோ பள்ளம், குட்டை என்று இருந்தால், பெயர் வைத்தவர் காரணமில்லாமல் வைத்திருக்கமாட்டார்.

இடம் குளத்துக்கு எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கரைக்குக் கீழ்ப்புறம், அதாவது குளத்து நீர் பாய்ந்த பழைய ஆயக்கட்டில் இருந்தால், குளம் நிறைந்த மாதங்களில் கரையின் அடி வழியே நீர் கசிந்து உங்கள் பக்கம் வரும். நீர் பரவும் மேல்புறத்தில் இருந்தால் நேரடியாக வெள்ளமே வரலாம். அதோடு, உங்கள் கழிவும் சரிவைப் பிடித்துக் குளத்துக்குள் இறங்கும். கோடையில் குளம் வற்றும்போது ஊற்றின் ஓட்டம் திசை மாறுவதும் உண்டு. ஆகவே ‘குளம் எங்களுக்குக் கீழே, எங்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்பது பாதிக் கணக்கு.

அடுத்தது, மண் எவ்வளவு வேகத்தில் நீரை வாங்கும் என்ற சோதனை. இதற்கு ஓரடி அகலத்தில், உறிஞ்சு குழியின் அடி வரவேண்டிய ஆழத்துக்குச் சின்னக் குழி எடுத்து, ஓரங்களைக் கீறிவிட்டு, அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி பரப்பி, நீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் ஜல்லிக்கு மேல் அரை அடி நீர் நிற்குமாறு ஊற்றி, அரைமணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். சில அங்குலம் இறங்கினால் நல்ல மண். ஓர் அங்குலமும் இறங்காவிட்டால் அந்த மண் உறிஞ்சு குழிக்கு ஆகாது. ஊற்றிய நீர் சில நிமிடங்களில் மாயமானால் அதற்கும் மகிழ வேண்டாம்; அது சரளையிலோ வெடிப்பிலோ புகுந்து, சுத்தமாவதற்கு நேரமே கொடுக்காமல் ஓடுகிறது என்று பொருள். காலையில் வந்து பார்க்கும்போது நீங்கள் ஊற்றியதைவிட அதிக நீர் இருந்தால் மேற்கொண்டு சோதனையே தேவையில்லை.

இப்போது தூரம். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி வேண்டும் என்கிறது அதே தரநிலை. நம் பக்கம் அதிகம் விற்கும் மூன்று சென்ட் சைட்டை எடுத்துக்கொள்வோம். சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் சுமார் 1,307 சதுர அடி. முப்பதுக்கு நாற்பத்து மூன்றரை என்று வைத்தால் மூலைக்கு மூலை அளந்தாலும் 53 அடிதான் வருகிறது. தன் வீட்டுக் குழியிலிருந்தே தன் போரைத் தள்ளி வைக்க வழியில்லாத இடத்தில், மூன்று பக்கத்து அண்டை வீட்டுக் குழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 60 அடியும் மண்ணுக்குச் சொன்ன கணக்கு. பாறை வெடிப்பில் இறங்கிய நீருக்கு 60 அடி ஒரு தூரமே அன்று.

போர் ஆழமானது, மேல் நீர் அதில் எப்படிக் கலக்கும் என்று கேட்பார்கள். கேசிங் பைப் சிதைந்த அடுக்கைத் தாண்டிக் கெட்டிப் பாறையில் நன்றாக உட்கார்ந்து, வெளிப்புற இடைவெளி சிமெண்ட் பாலால் அடைக்கப்பட்டிருந்தால் கலக்காது. செலவைக் குறைக்கக் கேசிங்கைப் பாதியில் நிறுத்தினாலோ, இடைவெளியை அடைக்காமல் விட்டாலோ, மேல் ஊற்று அந்தக் குழாயின் ஓரமாகவே வழிந்து இறங்கும். இதைவிடக் கொடியது, வற்றிப்போன பழைய கிணற்றிலோ தண்ணீர் வராத போரிலோ கழிவுநீரை விடுவது. குழி வெட்டும் செலவு மிச்சம் என்று சொல்லிச் செய்கிறார்கள். மண்ணின் வடிகட்டும் வேலை முழுவதையும் தாண்டி, ஊர் முழுவதும் குடிக்கும் வெடிப்புக்குள் நேரே ஊற்றுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

சிறுவாணியோ பவானியோ குழாயில் வருகிறது, போர்த் தண்ணீரைக் குடிப்பதில்லை என்பவர்களும் தரைமட்டத் தொட்டியை மறந்துவிடுகிறார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குடிநீரை நாம் பிடித்து வைப்பது நிலத்தில் புதைத்த சம்பில். மேல் ஊற்று உயர்ந்திருக்கும் மாதத்தில் சம்பு காலியாகும்போது வெளியிலுள்ள நீரின் அழுத்தமே அதிகம்; சுவரில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வெளிநீர் உள்ளே வரும். அந்த வெளிநீர் பத்தடி தள்ளியுள்ள உறிஞ்சு குழியிலிருந்து வந்ததாக இருக்கலாம். மழைக்காலத்தில் வீட்டில் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு வந்தால் ஓட்டலைக் குறை சொல்வதற்குமுன் சம்பை இறைத்துப் பார்ப்பது நல்லது.

கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். நைட்ரேட் அப்படி இல்லை. கழிவிலுள்ள அம்மோனியாவை உலர்ந்த மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது நீரோடு நீராகவே போகும், மண் பிடித்து வைக்காது. நல்ல மண்ணும் நல்ல தூரமும் இருந்தாலும் நாற்பது வீடு நெருக்கமாக வந்துவிட்டால் மேல் ஊற்றில் நைட்ரேட் கூடுவதைத் தடுப்பது கடினம். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தரநிலை. புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கு மிகுந்த நைட்ரேட் இரத்தம் ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொடுப்பதைக் கெடுத்து உடலை நீலமாக்கும். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகுமே தவிர குறையாது.

அப்படியானால் அங்கே வீடே கட்டக்கூடாதா? கட்டலாம், உறிஞ்சு குழியை நம்பிக் கட்டக்கூடாது. பாதாளச் சாக்கடை வந்திருந்தால் பேச்சே இல்லை, அதில் இணைத்துவிடலாம். இல்லாவிட்டால், அடியில் தளமும் நடுவில் தடுப்பும் கொண்ட, நீர் ஒழுகாத உண்மையான தொட்டி முதல் தேவை. அதிலிருந்து வெளியேறும் நீரைச் சிறு பம்பால் ஏற்றி, தரைக்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பரப்பிய சுத்தமான மணல் மேட்டில் விடலாம். கீழே இல்லாத உலர்ந்த அடுக்கை மேலே உண்டாக்கிக்கொள்வதுதான் இதன் சூட்சுமம். கட்டட இடிபாட்டைக் கொட்டிச் சைட்டை உயர்த்துவது இதற்கு ஈடாகாது. செங்கல் துண்டுகளுக்கிடையே நீர் ஓடுமே ஒழிய வடிகட்டப்படாது. உயர்த்திய நிலத்தின் மழைநீரும் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விடியும்.

குளியல், துணி துவைக்கும் நீரைக் கழிவறை நீரோடு சேர்க்காமல் பிரிப்பது பெரும் உதவி. வீட்டு நீரில் பெரும்பகுதி அதுதான். அந்தக் காலத்துச் சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) சலதாரை நீர் வாழைக்கும் தென்னைக்கும் போய்ச் சேர்ந்தது இந்தக் கணக்கில்தான் என்றாலும், கார்த்திகை ஈரத்தில் வாழையும் குடிக்காது என்பதால், அந்த நீர் தேங்காமல் அகலமாகப் பரவுமாறு இடம் விட வேண்டும். இடமே இல்லாத சைட்டில் கழிவறை நீரை மட்டும் மூடிய தொட்டியில் பிடித்து லாரியில் அனுப்புவது கடைசி வழி. ஐந்து பேருக்கு ஆளுக்கு 30 லிட்டர் என்றால் நாளுக்கு 150 லிட்டர். 6,000 லிட்டர் தொட்டி 40 நாளில் நிறையும். ஆண்டுக்கு ஒன்பது நடை லாரிக் கூலி, அது உரிமம் பெற்ற லாரியா, கொண்டுபோய்க் குளத்திலேயே கவிழ்க்கிறதா என்பதைக் கவனிக்கும் பொறுப்பு, இரண்டும் வீட்டுக்காரருடையவை.

தொட்டியைப் பற்றி மேஸ்திரிகள் அதிகம் சொல்லாத ஒன்று உண்டு. நீர்மட்டம் உயர்ந்த நிலத்தில் காலித் தொட்டி ஒரு படகு. 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி முழு உயரத்துக்கும் நீர் நின்றால், அதை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ இரண்டு டன் எடைக்குச் சமம். ஐப்பசியில் கசடை முழுக்க உறிஞ்சியதும் தொட்டி எழும்பி, குழாய்கள் முறிந்து, தரையே வெடித்துவிடக்கூடும். அடியில் கனமான கான்கிரீட் தளம் போட்டு அதோடு தொட்டியைப் பிணைக்க வேண்டும். கசடு எடுப்பதைக் கோடையில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரையும், எந்தக் காரணத்துக்காகவும், உள்ளே இறக்கக்கூடாது. விஷவாயு ஒருபுறம் இருக்க, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது குற்றம்.

2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அதற்கும் ஒரு குழி வெட்டுவார்கள். இடம் பார்த்து வெட்டட்டும். உறிஞ்சு குழிக்கு அருகில் வெட்டினால், கூரையிலிருந்து இறங்கும் மழை ஊற்றை அந்த இடத்திலேயே உயர்த்தி, கழிவைப் போர் பக்கம் தள்ளிவிடும். ஊற்று மேலே நிற்கும் சைட்டில் மழைநீரைத் தொட்டியில் பிடித்துப் பயன்படுத்துவதே பொருத்தம்.

ஆவணம் பற்றிச் சில வரிகள் போதும். பத்திரத்தோடு நில்லாமல் அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பார்த்து, சைட்டிலோ அதன் எல்லையிலோ குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஈரோடு பக்கம் வெள்ளோடு 2022இலும், திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இலும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளின்படி, அவ்வகை ஈரநிலங்களில் பத்தாண்டு வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடத்துக்கு இடமில்லை. சுத்திகரிக்காத கழிவை விடுவதற்கும் தடை உண்டு. அப்படிப் பட்டியலில் வராத குளங்களிலும் நம் கழிவின் சத்துதான் ஆகாயத்தாமரையாகப் படர்ந்து நிற்கிறது.

வீடு கட்டிக் குடிபோன பிறகு செய்ய வேண்டியது தண்ணீர்ப் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் பார்க்கலாம். நைட்ரேட், மொத்தக் கரைந்த உப்பு, ஈ.கோலை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். போர் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு முறை சித்திரையிலும், ஒரு முறை வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும்போதோ குளம் நிறைந்திருக்கும்போதோ எடுத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சித்திரையில் இல்லாத ஈ.கோலை கார்த்திகையில் இருந்தால், உங்கள் குழியோ பக்கத்து வீட்டுக் குழியோ ஊற்றைத் தொட்டிருக்க வாய்ப்பு மிகுதி.